எந்த நாளின் கார்?

பெட்டியைத் திறந்தால் உள்ளே கார் இல்லை. ஈர்க்குச்சி கனத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள். அவற்றில் நெல்மணி அளவிலிருந்து விரல் நீளம் வரை உறுப்புகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு எண். கூடவே நான்கு ரப்பர் டயர்கள், எண்களும் சின்னங்களும் அச்சிட்ட ஒரு தாள், மடித்து வைத்த விளக்கப் படங்கள். பெட்டியின் மேல்மூடியில் மட்டும் முழுக் கார் சீறிக்கொண்டு போகிறது. தந்த வெள்ளை உடல், முன்புறத்தில் பெரிய சிவப்பு வட்டம், எண் 11. அந்தப் படத்துக்கும் இந்தச் சட்டங்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கடக்க, வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவருக்கு இரண்டு மாத இரவுகள் பிடிக்கலாம். சிலருக்கு இரண்டு வருடம்.

ஹோண்டா ஆர்ஏ272 என்ற ரேஸ் காரை 1/20 அளவில் ஜப்பானின் தமியா கம்பெனி செய்த மாடல் இது. கட்டி முடித்தால் நீளம் சுமார் 20 செ.மீ. வீட்டுக்கு வரும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி, "இது ஓடுமா?" ஓடாது. அடுத்த கேள்வி, "இவ்வளவு கஷ்டப்படறதுக்கு, கட்டினதாவே ஒண்ணு வாங்கிடலாமே?" வாங்கலாம். கட்டுபவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு அரத்தைக் கையில் எடுப்பார். இதே பைத்தியம் பிடித்த இன்னொருவர் வந்தால் கேட்கும் கேள்வியே வேறு: "எந்த நாளோட கார்?"

தெருவில் ஓடும் காருக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. ரேஸ் காருக்குப் பொருந்தும். ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் இடையே அது மாறிவிடும். ஒரு குழாய் இடம் மாறும், கண்ணாடி மாறும், காற்று நுழைய ஒரு புதிய துளை விழும். அந்தக் காலத்தில் காரின் எண்ணும் பந்தயத்துக்குப் பந்தயம் மாறியது. ஆகவே 'ஆர்ஏ272' என்று பொதுவாக ஒரு காரைக் கட்ட முடியாது. ஏதாவது ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். இந்தப் பெட்டிக்கு அந்த நாள் 1965 அக்டோபர் 24. இடம், மெக்சிகோ சிட்டி.

1948இல் தொடங்கிய ஹோண்டா, மோட்டார் சைக்கிள் கம்பெனி. நான்கு சக்கர வண்டியை அது விற்பனைக்குக் கொண்டுவந்ததே 1963இல்தான். அடுத்த வருடமே ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினார் சோய்சிரோ ஹோண்டா. ஐரோப்பியர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. இன்ஜினைப் பார்த்தபோது வேடிக்கை இன்னும் கூடியது. மற்றவர்கள் இன்ஜினை நீளவாக்கில் வைக்க, ஹோண்டா மோட்டார் சைக்கிளில் வைப்பதுபோலக் குறுக்கே வைத்திருந்தது. 1,500 சி.சி.க்குள் 12 சிலிண்டர், 48 வால்வு. ஒரு சிலிண்டரின் பங்கு சுமார் 125 சி.சி. மோட்டார் சைக்கிள்காரர்களுக்குப் பழகிப்போன அளவு அது.

அந்த நாட்களில் கார்கள் தங்கள் நாட்டு நிறத்தை அணிந்து ஓடின. இங்கிலாந்துக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம். ஜப்பானுக்கு வெள்ளையும் சிவப்புச் சூரியனும். அந்தச் சூரியன் 1965 முழுவதும் பெரிதாக உதிக்கவில்லை. அமெரிக்க ஓட்டுநர்களான ரிச்சி கிந்தரும் ரோனி பக்னமும் எவ்வளவு முயன்றும் மெக்சிகோவுக்கு முன்பு அந்த ஆண்டு கிடைத்த உச்சம் ஆறாம் இடம்தான். மெக்சிகோவே கடைசிப் பந்தயம். அதோடு 1,500 சி.சி. விதியும் முடிகிறது. 1966 முதல் 3,000 சி.சி. அதாவது, அன்றைக்குப் பிறகு இந்தக் காருக்கு வேலையே இல்லை.

மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்று மெலிந்த இடம். பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதத்தைச் சரியாகப் பிடிக்காத இன்ஜின் அங்கே திணறும். ஹோண்டா அணியின் தலைவர் யோஷியோ நகமுரா, போர்க்காலத்தில் விமான இன்ஜின்களோடு பழகியவர். மெலிந்த காற்று அவருக்குப் புதிதல்ல. மூன்றாவது இடத்திலிருந்து புறப்பட்ட கிந்தர் முதல் சுற்றிலேயே முன்னால் போனார். 65 சுற்றுகளிலும் அவரை யாரும் தாண்டவில்லை. இரண்டாவதாக வந்த டான் கர்னி மூன்று வினாடிக்கும் குறைவான இடைவெளியில் பின்னால் இருந்தார். பக்னமுக்கு ஐந்தாம் இடம். 'வந்தேன், கண்டேன், வென்றேன்' என்று ஜூலியஸ் சீசரின் சொற்களில் டோக்கியோவுக்குத் தந்தி அடித்தார் நகமுரா. ஹோண்டாவுக்கு ஃபார்முலா ஒன்னில் அது முதல் வெற்றி. கிந்தருக்கு முதலும் கடைசியும். அந்தக் காருக்கோ, வென்ற நாளே விடைபெற்ற நாள்.

மேஜைமேல் கிடக்கும் சட்டங்களில் இருப்பது அந்த ஒரு நாள். அதை உள்ளங்கையில் வைப்பது என்று வந்தால் கணக்கு போடவேண்டியிருக்கும். நிஜக் காரின் எடை 498 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் இருபதில் ஒரு பங்கானால் எடை எட்டாயிரத்தில் ஒரு பங்காக வேண்டும். அதாவது 62 கிராம். கணக்கு இங்கே விளையாட்டாக இருக்கிறது. பெயின்ட்டில் கைவைக்கும்போது அதுவே கழுத்தைப் பிடிக்கிறது. மாடல்மேல் 0.1 மி.மீ. கனத்துக்குப் பெயின்ட் படிந்தால், நிஜக் காரில் 2 மி.மீ. கனத்துக்குச் சுவர்போலப் பூசியதற்குச் சமம். ஒரு மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக் விளிம்பு, நிஜத்தில் 2 செ.மீ. பலகை. உண்மையான காரின் உடலோ மெல்லிய அலுமினியத் தகடு. ஆகவே வெளியே தெரியும் விளிம்புகளையெல்லாம் உள்பக்கமாக உப்புத்தாளால் தேய்த்து, தகடுபோலக் காட்டவேண்டும். பிளக் ஒயருக்குத் தலைமுடி போதுமே என்று தோன்றும். 0.07 மி.மீ. முடியை இருபதால் பெருக்கினால் 1.4 மி.மீ.தான். நிஜ ஒயருக்கு அது போதாது.

வேலையின் வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான். உறுப்புகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவவேண்டும். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய எண்ணெய் இருந்தால் பெயின்ட் நிற்காது. சட்டத்திலிருந்து கட்டரால் வெட்டி, வெட்டிய தழும்பை அரத்தால் நிரவவேண்டும். பசை போடாமல் ஒருமுறை பொருத்திப் பார்க்கவேண்டும். இந்தப் பசை உண்மையில் பசையல்ல. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும் திரவம். காய்ந்தபின் பிரிக்க முடியாது. ஒரு சொட்டு தவறான இடத்தில் விழுந்தால் விரல்ரேகை காருக்குச் சொந்தமாகிவிடும். பெயின்ட்டும் திரவமும் வீசும் நெடிக்கு ஜன்னல் திறந்திருக்கவேண்டும், முகமூடி போட்டுக்கொள்ளவேண்டும். ட்வீசரிலிருந்து துள்ளி விழும் கடுகளவு உறுப்பைத் தேடி வீட்டார் டார்ச்சோடு தரையில் தவழ்வதும் இந்த வரிசையில் சேர்ந்ததே. அது கிடைக்கும்வரை வீடு பெருக்கத் தடை.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் வெள்ளை. சிவப்பில், கறுப்பில் மறையும் தவறுகள் வெள்ளையில் மறைவதில்லை. வெள்ளை எளிதில் மூடாது. அடியில் இருக்கும் நிறம் எட்டிப் பார்க்கும். மூடவேண்டும் என்று கனமாக அடித்தால் தகட்டின் கோடுகளும் ரிவெட் புள்ளிகளும் புதைந்துவிடும். மெலிதாக அடித்து, காயவிட்டு, தூசி விழுந்த இடத்தை நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி மெலிதாக அடிக்கவேண்டும். அதிலும் இது சுண்ணாம்பு வெள்ளை அல்ல, தந்த வெள்ளை. எவ்வளவு தந்தம்? 1965இன் படங்களில் பல கறுப்பு வெள்ளை. வண்ணப் படங்களின் நிறமோ காலத்தில் மாறியிருக்கும். ஜப்பானில் மொதேகி என்ற ஊரில் ஹோண்டாவின் காட்சிக்கூடத்தில் ஆர்ஏ272 இன்றும் நிற்கிறது. அதைப் பார்த்து நிறம் கலக்கலாமே என்றால், அங்கேயும் சிக்கல். புதுப்பித்துக் காக்கப்படும் கார் பளபளக்கும். பந்தய நாளில் எண்ணெயும் புழுதியுமாக இருந்திருக்கும். காட்சிக்கூடத்துக் காரா, அக்டோபர் 24இன் காரா? மறுபடியும் அதே கேள்வி.

இந்தப் பிடிவாதம் கட்டுபவரிடம் தொடங்கவில்லை. அச்சு வெட்டியவரிடமே இருந்தது. தமியாவின் ஊர் ஷிசுவோகா. மர வேலைக்குப் பெயர்போன ஊர். 1946இல் அங்கே யோஷியோ தமியா தொடங்கியது மர வியாபாரம். 1951இல் தீப்பிடித்து மரக்கிடங்கு சாம்பலானது. மீண்டும் மரம் வாங்கிக் குவிக்க வழியில்லாத நிலையில், சிறு மரத்துண்டுகளால் செய்யும் கப்பல், விமான மாடல்கள் பக்கம் கம்பெனி திரும்பியது. பிளாஸ்டிக் வந்ததும் மர மாடல்களை யாரும் சீந்தவில்லை. 1960இல் 'யமாத்தோ' போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் செய்தது தமியா. போட்டிக் கம்பெனி மலிவாக விற்றதில் முதல் முயற்சியே நஷ்டம். அடுத்து வந்த 'பேந்தர்' டாங்கிதான் காப்பாற்றியது. இந்த மேடுபள்ளம் எல்லாவற்றிலும் உடனிருந்த மகன் ஷுன்சாகு தமியா பின்னால் கம்பெனியின் தலைவரானார். 2025 ஜூலையில், 90 வயதில் அவர் காலமானார்.

அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் போர்ஷே கதைக்குத் தனி இடம். 1970களின் நடுவில் போர்ஷே 934 ரேஸ் காரை 1/12 அளவில் செய்யத் தீர்மானித்தார்கள். படம் எடுத்து, அளவெடுத்து, ஜெர்மனிக்குப் போய்வந்தும் திருப்தி இல்லை. கடைசியில் நிஜமான ஒரு போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கி, திருகு திருகாகக் கழற்றிவிட்டார்கள். கழற்றியாகிவிட்டது, திரும்பப் பூட்டத் தெரியவில்லை. போர்ஷே மெக்கானிக்கை வரவழைத்துப் பூட்டவேண்டியதாயிற்று. வியாபாரக் கண்ணால் பார்த்தால் இது அசட்டுத்தனம். பொம்மை வாங்கும் சிறுவன் கதவின் உள்பக்கத்தை நிஜத்தோடு ஒப்பிட்டா பார்க்கப்போகிறான்? ஆனால் அந்தச் சிறுவன் வளர்ந்து நாற்பது வயதில் இன்னொரு பெட்டி வாங்கினான் என்றால், ஒருநாள் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம்.

யாரும் பார்க்காத இடத்தில் செய்யும் வேலைக்கு இந்தக் கலையில் தனி மரியாதை உண்டு. ஓட்டுநரின் காலடியில் இருக்கும் பெடல்கள், மேல்மூடி பொருந்தியபின் டார்ச் அடித்துக் குனிந்தால்தான் தெரியும். அவற்றுக்கும் பெயின்ட் அடிக்கிறார்கள். இன்ஜினுக்கும் புகைக்குழாய்க்கும் சஸ்பென்ஷன் கம்பிக்கும் ஒரே வெள்ளி நிறம் அடித்து முடித்துவிடுவதில்லை. வார்த்த உலோகம் மங்கலாக, கடைந்த உலோகம் பளிச்சென்று, சூடுபட்ட குழாய் பழுப்பேறி இருக்கவேண்டும். தேரின் அடித்தட்டில், ஊர்க்கண் படாத மூலையிலும் பூ செதுக்கிய தச்சர்களைப் பார்த்த நாட்டுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் தேர்ந்தெடுக்கும் நாள் எப்போதும் வெற்றி நாளாக இருப்பதில்லை. அங்கேதான் விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போகிறது. 1968 முதல் லோட்டஸ் கார்கள் இங்கிலாந்தின் பச்சையைக் கழற்றிவிட்டு, கோல்டு லீஃப் சிகரெட்டின் சிவப்பு, வெள்ளை, தங்க நிறங்களை அணிந்தன. 1970இல் வந்த லோட்டஸ் 72, ஆப்பு வடிவ மூக்கும் பின்னால் இறக்கையுமாக, மாடல் கட்டுபவர்களின் செல்லம். அதை ஓட்டிய ஆஸ்திரியாவின் யோகன் ரிண்ட் அந்தக் கோடையில் தொடர்ந்து நான்கு பந்தயங்களில் ஜெயித்தார். செப்டம்பர் 5, இத்தாலியின் மொன்சாவில் பயிற்சி ஓட்டம். நேர்ப்பாதையில் வேகம் கூட்டுவதற்காகக் காரின் இறக்கைகளைக் கழற்றியிருந்தார்கள். பிரேக் போடும்போது முன்பக்க பிரேக்கின் தண்டு முறிந்ததாக விசாரணையில் தெரிந்தது. கார் தடுப்பில் மோதியது. ரிண்ட் இறந்தார். மீதமிருந்த பந்தயங்களில் அவருடைய புள்ளிகளை யாராலும் எட்ட முடியாமல் போக, இறந்தபின் உலகச் சாம்பியன் ஆன ஒரே ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அவர்.

ஆக, மேஜைமேல் இருக்கும் லோட்டஸ் 72இல் இறக்கையைப் பொருத்தி 10 என்ற எண்ணை ஒட்டினால் அது ஹாலந்தில் அந்தக் கார் முதலில் ஜெயித்த நாள். இறக்கையை விட்டுவிட்டு 22 என்று ஒட்டினால் மொன்சா. வித்தியாசம் இரண்டு மூன்று பிளாஸ்டிக் துண்டும் ஒரு ஸ்டிக்கரும்தான். மொன்சாவைக் கட்டக் கை வரவில்லை என்பவர்கள் உண்டு. அதைக் கட்டுவதுதான் மரியாதை என்பவர்களும் உண்டு. ஆனால் ஹாலந்தைத் தேர்ந்தெடுத்துத் தப்பித்துவிடவும் முடியாது. அதே பந்தயத்தில்தான் ரிண்ட்டின் நண்பர் பியர்ஸ் கரேஜ் தீயில் கருகி இறந்தார். ஜெயித்த ரிண்ட் அன்று அழுதுகொண்டு நின்றார்.

வெள்ளைக் காருக்கும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. மெக்சிகோ வெற்றிக்கு மூன்று வருடம் கழித்து ஹோண்டா ஆர்ஏ302 என்ற காரைக் கொண்டுவந்தது. காற்றால் குளிரும் இன்ஜின், எடை குறைக்க மெக்னீசியம் கலந்த உடல். அணியின் ஓட்டுநர் ஜான் சர்டீஸ், இது பந்தயத்துக்குத் தயாராகவில்லை என்று ஒதுங்கினார். 1968 ஜூலை 7, பிரான்சின் ரூவானில் மழை. காரை ஓட்டியவர் பிரெஞ்சுக்காரர் ஜோ ஷ்லெஸ்ஸர். தொடக்கச் சுற்றுகளிலேயே கார் சறுக்கி மேட்டில் மோதியது. மெக்னீசியம் எரிந்தால் அணைப்பது எளிதல்ல. ஷ்லெஸ்ஸர் பிழைக்கவில்லை. அந்த ஆண்டோடு ஹோண்டா ஃபார்முலா ஒன்னை விட்டு விலகி, பல ஆண்டுகள் திரும்பவில்லை. அந்தக் காரிலும் அதே வெள்ளை, அதே சிவப்பு வட்டம்.

நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையில் சட்டமும் தலையிடுகிறது. பல நாடுகளில் புகையிலை விளம்பரத்துக்குத் தடை வந்தபின், பழைய ரேஸ் கார் மாடல்களை மறுபடி வெளியிடும் பெரிய கம்பெனிகள் சிகரெட் பெயர்களை ஸ்டிக்கர் தாளிலிருந்து எடுத்துவிடுகின்றன. பிள்ளைகள் கைக்குப் போகும் பெட்டியில் சிகரெட் பெயர் எதற்கு என்பது நியாயம்தான். ஆனால் பெயர் இல்லாத அந்தக் கார் எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை. கட்டுபவர் சிறு அச்சகங்களிடம் அந்தப் பெயர்களைத் தனியாக வாங்கி ஒட்டிக்கொள்கிறார். சிகரெட்டைத் தொடாதவரும் இதைச் செய்கிறார். அவருக்கு அது விளம்பரம் அல்ல, சாட்சி. அந்தக் காலத்தில் பந்தயம் யார் பணத்தில் நடந்தது என்பதற்குச் சாட்சி. இறக்கையை, எண்ணை, பெயரை வசதிப்படி மாற்றலாம் என்று ஆரம்பித்தால், மீதம் நிற்பது அழகான ஒரு பொம்மை மட்டுமே.

மேஜையில் கடைசி இரவு வருகிறது. வெள்ளை காய்ந்து, தேய்த்து, மெருகேறியாகிவிட்டது. டயர்கள் பொருந்திவிட்டன. தாளிலிருந்து சிவப்பு வட்டத்தைக் கத்தரித்து, சில வினாடி தண்ணீரில் நனைத்து, காகிதத்திலிருந்து நழுவவிட்டு முன்மூடிமேல் நகர்த்தவேண்டும். வட்டமோ தட்டை, மூடியோ வளைவு. ஓரம் சுருங்கும், நடுவில் காற்று அடைபடும். ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றி, ஈரத் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒத்தவேண்டும். ஒரு மி.மீ. விலகினாலும் கண்ணுக்குத் தெரியும். சிலைக்குக் கண் திறக்கும் சிற்பியைப்போல, இரண்டு மாதம் செய்த வேலையெல்லாம் இந்த ஒரு நிமிடத்துக்காகக் காத்திருக்கிறது.

வட்டம் அமர்ந்ததும் அது கண்ணாடிப் பெட்டிக்குள் போகிறது. கீழே ஒரு சின்ன அட்டை: மெக்சிகோ, 24.10.1965. அதே தட்டில் பக்கத்தில் இறக்கை இல்லாத லோட்டஸ் ஒன்று நிற்கலாம், மொன்சா, 5.9.1970 என்ற அட்டையோடு. வீட்டுக்கு வந்த உறவினர் இரண்டையும் பார்த்து, "வெள்ளைதான் அழகு" என்பார். கட்டியவர் மறுக்கமாட்டார். அட்டையை அவர் படித்து, அந்தத் தேதியில் என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்.